இட்லிப் பானை ஆவியில் ஒரு மாயமலை

தேனி மாவட்டத்துக் கொழுக்குமலைக்குப் போய்வந்த எல்லோரிடமும் கிட்டத்தட்ட ஒரே படம்தான் இருக்கும். கீழே மேகக் கடல், ஓரத்தில் சிங்கப்பாறை, பின்னால் ஆரஞ்சு வானம். நான் போன அன்று அதுகூடக் கிடைக்கவில்லை. சூரியநெல்லியில் விடியற்காலை நாலரைக்கு ஜீப் ஏறி, எலும்பெல்லாம் தனித்தனியாகக் கழன்றுவிடுமோ என்று பயந்துகொண்டே மேலே போய் நின்றால், சாம்பல் வானம், அதற்குக் கீழே அதே சாம்பலில் மலை. சூரியன் வந்ததா, வராமலே போய்விட்டதா என்றுகூடத் தெரியவில்லை. ஜீப்காரர் "நேத்து வந்திருக்கணும் சார், சூப்பரா இருந்துச்சு" என்றார். எந்த மலைக்குப் போனாலும் இதைச் சொல்ல ஒருவர் இருப்பார்.

அன்று எடுத்த சப்பென்ற படங்களில் ஒன்றைத்தான் இப்போது ஏதோ மாயாஜாலக் கதைக்குள் வரும் மலைபோல மாற்றி வைத்திருக்கிறேன். எப்படிச் செய்தாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் தனித்தனியாக வாய்ஸ் நோட் போட்டு ஓய்ந்துவிட்டேன், அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்று. மாயமலை என்றதும் எல்லோரும் என்ன சேர்க்கலாம் என்றுதான் யோசிக்கிறார்கள். டிராகன், இரண்டு நிலா, ஊதா வானம், மிதக்கும் பாறை. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன், கல்யாண வீட்டு பேனர் மாதிரி வந்தது. மலையை வேறு உலகத்து மலையாகக் காட்டுவது அதன் தூரமும் பனியும்தான். என் நேரத்தில் முக்கால்வாசி பனிக்குத்தான் போகிறது. மற்றதெல்லாம் கடைசியில், அதுவும் கொஞ்சமாக.

அந்தக் கணக்கில் பார்த்தால் சாம்பல் வானம் ஒரு வரம். வெயில் அடித்திருந்தால் ஒவ்வொரு பாறைக்கும் நிழல் ஒரு பக்கம் விழுந்திருக்கும், நான் பிறகு சேர்க்கும் எல்லாமே அந்த வெயிலுக்குக் கட்டுப்பட வேண்டியிருக்கும். மப்பும் மந்தாரமுமான படத்தில் நிழலே இல்லை, சூரியனை எங்கே வைப்பது என்பதை வீட்டுக்கு வந்து நிதானமாக முடிவு செய்யலாம்.

மலையில் நிற்கும்போதே செய்ய வேண்டியது

ரா ஃபைலாக (கேமரா பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுங்கள். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான் உண்டு, பனியையும் வானத்தையும் இழுத்துப் பிடித்துத் திருத்தும்போது அந்தப் படிகள் பட்டை பட்டையாக வெளியே தெரிய ஆரம்பிக்கும். போனிலும் ப்ரோ மோடில் ரா இருக்கும், இல்லாவிட்டால் லைட்ரூம் மொபைல் செயலியின் கேமரா டிஎன்ஜி என்ற ரா கோப்பாக எடுத்துக் கொடுக்கும்.

அடுத்தது லென்ஸ். மலை என்றால் வைட் ஆங்கிள் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. வைடில் எடுத்தால் பக்கத்துத் தேயிலைச் செடி பூதாகரமாகவும் தூரத்து மலை முகப்பரு மாதிரியும் வரும். நான் எடுத்தது 135 மிமீட்டரில். டெலி லென்ஸ் தூரத்து மலைகளை முன்னால் இழுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் காட்டும், அந்த அடுக்குதான் நமக்கு வேண்டும். போனில் தனி டெலி லென்ஸ் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள், விரலால் விரித்துப் பெரிதாக்க வேண்டாம்.

அப்புறம், ஒரு நல்ல படம் கிடைத்ததும் டீ குடிக்கப் போய்விடாமல், உதிரிச் சரக்கு சேர்த்துக்கொள்ளுங்கள்: தனியாக ஒரு பாறை, பறக்கும் பறவை, கருத்த காட்டுக்கு முன்னால் நகரும் பனித் துண்டு, முதுகைக் காட்டி நிற்கும் நண்பர். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் வானத்தையும் கோட்டையையும் ஆயிரம் பேர் ஏற்கெனவே பயன்படுத்தியிருப்பார்கள், பார்ப்பவர்களுக்கு அது மனப்பாடம் ஆகிவிட்டது.

மென்பொருள் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஃபோட்டோஷாப் இருந்தால் சரி, இல்லாவிட்டால் கிம்ப் இலவசம், 2025இல் வந்த அதன் 3.0 பதிப்பில் ஃபில்டரைப் போட்ட பிறகும் மாற்றிக்கொள்ளும் வசதி வந்துவிட்டது. ரா ஃபைலைத் திருத்த டார்க்டேபிள் இருக்கிறது, அதுவும் இலவசம். நான் சொல்லப்போகும் லேயர் (படத்தின்மேல் அடுக்கும் தாள்), மாஸ்க் (லேயரில் வேண்டாத இடத்தை மறைக்கும் திரை), ஸ்க்ரீன், சாஃப்ட் லைட் (லேயர் கீழே இருப்பதோடு கலக்கும் முறைகள்) எல்லாம் ஃபோட்டோஷாப், கிம்ப் இரண்டிலும் அதே பெயரில்தான் இருக்கின்றன. படத்தைத் திறந்ததும் 16 பிட்டுக்கு மாற்றிவிடுங்கள், நிறப் படிகள் மிக அதிகமாகக் கிடைக்கும். இதை மறந்துவிட்டு மூன்று மணி நேரம் வேலை செய்து, கடைசியில் வானம் முழுக்கப் புடவை பார்டர் மாதிரி கோடு கோடாக வந்து நான் உட்கார்ந்த நாள் உண்டு.

பச்சையை அடக்குவது

தேயிலைத் தோட்டத்தின் பச்சை நேரில் கண்ணுக்குக் குளிர்ச்சி. ஆனால் படத்தில் அந்த மஞ்சள் கலந்த பச்சை இருக்கிற வரைக்கும் அது சுற்றுலாத் துறை காலண்டர்தான், மாயமலை ஆகாது. அதனால் ரா திருத்தும்போதே எச்எஸ்எல் (ஒவ்வொரு நிறத்தையும் தனியாக மாற்றும்) பகுதிக்குப் போய்ப் பச்சையின் ஹ்யூவை, அதாவது நிறச் சாயலை, நீலப் பக்கமாக 40 வரை தள்ளுங்கள், மஞ்சளைப் பச்சைப் பக்கமாக 30. இரண்டின் சாச்சுரேஷனையும் (நிற அடர்த்தி) 40, 50 என்று இறக்கி, லூமினன்ஸை (வெளிச்சம்) 20 குறையுங்கள். மழைக்கு முந்தைய நேரத்துக் காடு மாதிரி, கருநீலம் கலந்த மங்கலான பச்சை வரும். கான்ட்ராஸ்ட்டையும் இப்போதே குறைத்துவிடுங்கள், படம் செத்ததுபோல இருக்கும், பரவாயில்லை.

டீஹேஸ் என்று ஒரு ஸ்லைடர் இருக்கிறதே, அதை எல்லோரும் வலப்பக்கம்தான் இழுக்கிறார்கள், பனியை நீக்க. நாம் இடப்பக்கம், 10 அல்லது 15. டார்க்டேபிளின் ஹேஸ் ரிமூவலிலும் அளவை மைனஸில் வைத்தால் பனி கூடும்.

மலையை வளர்ப்பது

நிஜ மலைகள் பெரும்பாலும் நாம் நினைத்ததைவிடச் சப்பையாக இருக்கும். கொழுக்குமலையிலிருந்து தெரியும் தொடர்களும் அப்படித்தான், யானை முதுகு மாதிரி உருண்டையாக. தூரத்து மலையை மட்டும் தனி லேயராக எடுத்து, வார்ப் கருவியால் உச்சியை மேலே இழுங்கள். மொத்தத்தில் 20, 25 சதவீதம் உயரம் கூடினால் போதும். பக்கத்து மலையைத் தொடாதீர்கள். அங்கே மரங்கள் தெரியும், இழுத்தால் மரமெல்லாம் தென்னை உயரத்துக்கு வளர்ந்து உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். தூரத்தில் மரம் எது, பாறை எது என்றே தெரியாது, எவ்வளவு இழுத்தாலும் தாங்கும்.

அடுக்கு போதவில்லை என்றால் இருக்கிற மலையையே நகலெடுத்து, இடவலமாகத் திருப்பி, கொஞ்சம் சிறிதாக்கிப் பின்னால் வையுங்கள். திருப்பாமல் வைத்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளை என்று எவராவது கண்டுபிடித்துவிடுவார். என் படத்தில் மூன்று தொடர்தான் இருந்தது, இப்படி நான்காக்கினேன்.

பனி

இங்கேதான் நிதானம் வேண்டும். தூரத்து மலை ஏன் வெளுத்து நீலமாகத் தெரிகிறது? நமக்கும் அதற்கும் நடுவில் உள்ள காற்று நீல ஒளியைத்தான் அதிகம் சிதறடிக்கிறது, அந்தச் சிதறிய ஒளி மலைக்கு முன்னால் ஒரு மெல்லிய திரை மாதிரி தொங்குகிறது. எவ்வளவு தூரமோ அவ்வளவு திரை. அதனால் தூரம் கூடக் கூடக் கறுப்பு வெளுக்கும், கான்ட்ராஸ்ட் குறையும், நிறம் வானத்தின் நிறத்தோடு ஒட்டும். பழைய ஓவியர்களுக்கு இது தெரிந்துதான் இருந்தது. 11ஆம் நூற்றாண்டுச் சீனத்தில் குவோ ஷி என்ற ஓவியர் மலையின் தூரத்தையே மூன்று வகையாகப் பிரித்தார்: அடியிலிருந்து உச்சியை அண்ணாந்து பார்க்கும் தூரம், முன்மலையிலிருந்து பின்மலைகளுக்குள் எட்டிப் பார்க்கும் தூரம், இந்த மலையிலிருந்து அந்த மலையை நேர்ப்பார்வையாகப் பார்க்கும் தூரம். அந்தக் காலத்து மலை ஓவியங்களில் மலைக்கும் மலைக்கும் நடுவே ஒன்றும் வரையாமல் விட்டிருக்கும் வெற்றிடம்தான் பனி.

நம் வேலைக்கு இதை எண்ணாக மாற்றிக்கொள்ளலாம். நிறத்தை அளந்து சொல்லும் ஐட்ராப்பர் கருவியால் ஒவ்வொரு மலையிலும் மிகக் கருத்த இடத்தைத் தொட்டுப் பாருங்கள். என் படத்தில் முன்மலை 15, இரண்டாவது 50, மூன்றாவது 95, கடைசி 145 என்று வைத்தேன், 255 முழு வெள்ளை. இந்தப் படிக்கட்டு ஒழுங்காக ஏறினால் படத்துக்கு ஆழம் தானாக வந்துவிடும். பின்னால் இருக்கிற மலை முன்னால் இருப்பதைவிடக் கருப்பாக இருந்தால், மேலே என்ன அலங்காரம் செய்தாலும் வெட்டி ஒட்டியது என்றே தெரியும். ஒவ்வொரு மலைக்கும் ஒரு கர்வ்ஸ் லேயர் போட்டு, கோட்டின் இடது கீழ்முனையை மேலே தூக்கினால் கறுப்பு வெளுக்கும். நீலச் சேனலை இன்னும் ஒரு விரல்கடை கூடுதலாகத் தூக்குங்கள்.

இது காற்று. பனி வேறு. இரவில் குளிர்ந்த காற்று கனமாகிச் சரிவில் இறங்கிப் பள்ளத்தாக்கில் தேங்குகிறது, பனி அங்கேதான் கட்டும். அதனால் மலையின் உச்சி தெளிவாகவும் அடிவாரம் கரைந்தும் இருக்க வேண்டும். படம் முழுக்க ஒரே வெள்ளைப் புகையைப் பூசிவிட்டால் கொசு மருந்து அடித்த தெரு மாதிரிதான் இருக்கும். லேயர் வரிசை இப்படி: கடைசி மலை, அதன் அடியில் பனி, அதற்கு முன் மூன்றாவது மலை, அதன் அடியில் பனி. முன்மலையின் விளிம்பு பின்னால் இருக்கும் பனியைக் கத்தி மாதிரி வெட்டிக்கொண்டு தெரியும், அந்த ஒரு கோடுதான் பார்ப்பவர் கண்ணை உள்ளே இழுக்கிறது.

முதல் பூச்சுக்குப் பெரிய மென்மையான பிரஷ், ஃப்ளோ (ஒரு தடவையில் விழும் நிறத்தின் அளவு) 8 அல்லது 10 சதவீதம், நிறம் வெள்ளை கூடாது, அடிவானத்தில் ஐட்ராப்பரால் எடுத்த நிறம். மெதுவாக, நாலைந்து தடவையாக. ஆனால் பிரஷ் பனி எப்போதும் பவுடர் மாதிரி வழவழப்பாகத்தான் இருக்கும், நிஜப் பனிக்கு நூல் நூலாகப் பிரியும் குணம் உண்டு. அதற்குத்தான் இட்லிப் பானை.

சமையலறை விளக்கை அணைத்து, பானைக்குப் பின்னால் ஒரு கறுப்புத் துணியைத் தொங்கவிட்டேன் (கிழிந்துபோன குடைத்துணி, கறுப்பில் அதை மிஞ்ச வேறு இல்லை). போன் டார்ச்சைப் பக்கவாட்டில், கொஞ்சம் பின்பக்கமாக வைத்தேன், முன்னாலிருந்து அடித்தால் ஆவி தட்டையாகிவிடும். மூடியைத் திறந்ததும் வரிசையாக முப்பது, நாற்பது படம், ஷட்டர் நொடியில் 250இல் ஒரு பங்கு. பிறகு 15இல் ஒரு பங்கில் இன்னொரு வரிசை, அதில் ஆவி பட்டு மாதிரி இழுபடும். "இட்லி கல்லாயிடுச்சுடா, இன்னும் எத்தனை தடவ திறப்ப" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார், நியாயமான கேள்வி.

இந்த ஆவிப் படத்தை மலைப் படத்தின்மேல் லேயராக வைத்து, பிளெண்ட் மோடை ஸ்க்ரீன் ஆக்குங்கள். ஸ்க்ரீனில் கறுப்பு முழுக்க மறைந்துவிடும், வெளிச்சம் மட்டும் கீழே இருப்பதோடு சேரும். துணியின் மடிப்பு எங்காவது லேசாகத் தெரிந்தால் லெவல்ஸில் கறுப்பு முனையைக் கொஞ்சம் உள்ளே தள்ளினால் போய்விடும். ஆவி மேல்நோக்கி எழும், பள்ளத்தாக்குப் பனி படுத்துக் கிடக்கும். ஆகவே படத்தை 90 டிகிரி திருப்பி, அகலவாக்கில் இரண்டு மூன்று மடங்கு இழுத்து, உயரத்தை அமுக்குங்கள். தூரத்துப் பனிக்கு 4, 5 பிக்ஸல் காஸியன் பிளர், முன்பனிக்கு வேண்டாம். ஒப்பாசிட்டி (லேயர் எவ்வளவு அழுத்தமாகத் தெரிகிறது என்ற அளவு) 40ஐத் தாண்டினால் எனக்கே இட்லி வாசனை அடிக்கிறது.

கணினியே இல்லாதவர்கள் போனில் ஸ்னாப்சீடின் டபுள் எக்ஸ்போஷரில் இதே ஆவிப் படத்தை லைட்டன் முறையில் சேர்த்துப் பார்க்கலாம். இந்த அளவு கட்டுப்பாடு கிடைக்காது, ஆனால் பழக அது போதும்.

வானமும் வெளிச்சமும்

வானத்தை மாற்றுவது ஏமாற்று வேலை என்று சிலர் முகம் சுளிப்பார்கள். 1850களிலேயே பிரான்ஸில் குஸ்தாவ் லெ க்ரே கடல் படங்களுக்கு அதைச் செய்திருக்கிறார். அன்றைய நெகட்டிவ்களில் எடுத்தால் பிரிண்டில் நீல வானம் அளவுக்கு மீறி வெளுத்துவிடும், அதனால் கடலுக்கு ஒரு நெகட்டிவ், மேகத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று எடுத்து அடிவானத்தில் இரண்டையும் சேர்த்துப் பிரிண்ட் போட்டார். ஃபோட்டோஷாப்பில் 2020 முதல் ஸ்கை ரீப்ளேஸ்மென்ட் இதை ஒரே சொடுக்கில் செய்கிறது, சிக்கல் என்னவென்றால் வானம் மாறும், கீழே இருக்கிற மலையின் நிறத்தையும் அது ஓரளவு மாற்றும், ஆனால் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்ற செய்தி மலைக்குப் போய்ச் சேராது.

நான் வைத்தது எங்கள் மொட்டைமாடியில் எடுத்த ஒரு டிசம்பர் வானம். பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: வானத்தின் அடிப்பகுதியும் கடைசி மலையின் பனியும் கிட்டத்தட்ட ஒரே நிறத்தில், ஒரே வெளிச்சத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் ஒரு கோடு நிற்கும். அங்கே இரண்டின்மேலும் சேர்த்து ஒரு மெல்லிய பனி லேயர் போட்டால் ஒட்டிக்கொள்ளும்.

சூரியனை இடப்பக்கம், மூன்றாவது மலைக்குப் பின்னால், உச்சிக்குச் சற்றுக் கீழே மறைத்து வைத்தேன். புது லேயர், ஸ்க்ரீன் மோட், பெரிய பிரஷ், மங்கிய ஆரஞ்சு, ஒரே ஒரு தொடல். அதன்மேல் இன்னும் சிறிய, வெளிறிய மஞ்சள் தொடல். வெளிச்சம் மலை விளிம்பைத் தாண்டி இந்தப் பக்கம் கொஞ்சம் கசிய வேண்டும், கண்ணும் லென்ஸும் அப்படித்தான் பார்க்கும். பிறகு 50 சதவீத சாம்பல் நிரப்பிய ஒரு சாஃப்ட் லைட் லேயரில், சூரியனைப் பார்த்திருக்கும் விளிம்புகளை வெள்ளையாலும் மறுபக்கத்தைக் கறுப்பாலும் 5 சதவீதம் 5 சதவீதமாகத் தேயுங்கள். இதில் ஒரு மணி நேரம் போனாலும் நஷ்டமில்லை. ஒளிக்கதிர் வேண்டுமானால் சூரியனிலிருந்து விரியும் நாலைந்து முக்கோணங்களை லேசோவால் வரைந்து, மஞ்சள் நிரப்பி, நன்றாக பிளர் செய்து, சாஃப்ட் லைட்டில் 15 சதவீதம். பனி இல்லாத இடத்தில் கதிர் தெரியாது, அங்கே மாஸ்க்கால் அழித்துவிடுங்கள்.

நிலா விஷயத்தில் எனக்கு நல்ல மூக்குடைப்பு. உதிக்கும் சூரியனுக்குப் பக்கத்திலேயே கும்மென்று ஒரு முழு நிலாவை வைத்து, குடும்ப குரூப்பில் போட்டுப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்பு படிக்கும் அக்கா மகள், "மாமா, பௌர்ணமி நிலா சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கம்தானே இருக்கும்?" என்று கேட்டாள். வேறு உலகம்மா என்று சமாளித்தேன், ஆனால் அவள் சொன்னது சரி. நிலாவின் ஒளிரும் பக்கம் எப்போதும் சூரியனைத்தான் பார்க்கும், சூரியனுக்குப் பக்கத்தில் வந்தால் கீற்றாகத்தான் இருக்கும். இப்போது கீற்றுதான் வைத்திருக்கிறேன், ஸ்க்ரீன் மோடில், அப்போதுதான் நிலாவின் இருண்ட பகுதி வானத்தைவிடக் கருப்பாகத் தெரியாது. அளவுக்கும் ஒரு கணக்கு: வானத்தில் நிலா அரை டிகிரிதான். ஃபுல் ஃப்ரேம் (36 மிமீ அகல சென்சார்) கேமராவில் 6000 பிக்ஸல் அகலப் படத்தில், 24 மிமீ லென்ஸ் என்றால் 36 பிக்ஸல், 135 மிமீ என்றால் 200 பிக்ஸலுக்குச் சற்று மேல். மாயமலைக்கு இதை இரண்டு மூன்று மடங்கு ஆக்கலாம், கண் ஏற்றுக்கொள்ளும். நான் முதலில் வைத்தது 900.

கடைசியாகச் சேர்ப்பவை

ஒரு மலை எவ்வளவு பெரியது என்று சொல்ல அதில் ஒரு சிறு பொருள் வேண்டும். ஒரு மனித உருவம், படத்தின் உயரத்தில் ஐம்பதில் ஒரு பங்கு, அவ்வளவுதான். முதுகைக் காட்டி நிற்கட்டும். காலடியில் ஒரு சிறு நிழல் போடாவிட்டால் அந்தரத்தில் மிதப்பார்.

ஐரோப்பியக் கோட்டையை நம் சோலைக்காட்டு மலையில் கொண்டுபோய் வைப்பது எனக்குப் பிடிப்பதில்லை. செஞ்சிக்குப் போனபோது எடுத்த ஒரு மண்டபம் இருந்தது, அதை மூன்றாவது மலையின் தோளில் வைத்தேன். முதல் முயற்சி சரியாக வரவில்லை, என்னவோ சரிந்து விழுவது போலிருந்தது. யோசித்தால், செஞ்சியில் நான் கீழிருந்து அண்ணாந்து எடுத்திருக்கிறேன், கொழுக்குமலையில் மேலிருந்து கீழே பார்க்கிறேன். கீழிருந்து எடுத்த பொருளைப் படத்தின் அடிவானக் கோட்டுக்கு மேலேதான் வைக்க முடியும். உச்சிப் பக்கம் ஏற்றி வைத்ததும் உட்கார்ந்துவிட்டது. அந்த மலைக்கு என்ன கறுப்பு அளவோ, 95, அதே அளவுக்கு மண்டபத்தையும் வெளுத்தேன்.

முடிவில் நிழல்களுக்குக் கொஞ்சம் நீலம், வெளிச்சத்துக்குக் கொஞ்சம் ஆரஞ்சு, வேறு நிறம் எதையும் தலைதூக்க விடாதீர்கள். ஒரு கனவுத்தன்மை வேண்டுமானால் ஆர்ட்டன் எஃபெக்ட் போடலாம். கனடாவைச் சேர்ந்த மைக்கேல் ஆர்ட்டன் 1980களில் கூர்மையான ஸ்லைடு ஒன்றையும் ஃபோகஸ் இல்லாத ஸ்லைடு ஒன்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துச் செய்தது இது. நமக்கு, எல்லாவற்றையும் சேர்த்த ஒரு நகல் லேயர், 25 பிக்ஸல் காஸியன் பிளர், சாஃப்ட் லைட், 20 சதவீதம். முன்மலையிலிருந்து மாஸ்க்கால் எடுத்துவிடுங்கள்.

பிறகு படம் முழுக்க ஒன்று அல்லது இரண்டு சதவீதம் நாய்ஸ் (மணல் தூவியதுபோன்ற புள்ளிகள்). வெவ்வேறு நாளில் வெவ்வேறு கருவியில் எடுத்த துண்டுகளுக்கு ஒரே தோல் போர்த்தியதுபோல ஆகும், பனியில் பட்டை விழுவதும் குறையும். எல்லாத் திரைகளும் புரிந்துகொள்ளும் எஸ்ஆர்ஜிபி நிற முறையில் ஏற்றுமதி செய்யுங்கள். வாட்ஸாப்பில் அனுப்பினால் டாக்குமெண்டாக அனுப்புங்கள், சாதாரணமாகப் போட்டால் அது அமுக்குகிற அமுக்கில் பனியெல்லாம் கட்டம் கட்டமாகிவிடும். அனுப்பும் முன் ஒரு ராத்திரி அப்படியே கிடக்கட்டும். காலையில் எழுந்து இடவலம் திருப்பிப் பாருங்கள், எது உறுத்துகிறதோ அந்த லேயரின் ஒப்பாசிட்டியைப் பாதியாக்குங்கள். என் படத்தில் ஒளிக்கதிர் மொத்தமும் அப்படித்தான் போனது.

படத்தைப் போட்ட மறுவாரம் பெரியப்பா மகன் போன் செய்தான். பொங்கல் லீவுக்குக் குடும்பத்தோடு போகிறானாம், சூரியநெல்லியில் ரூம் போட்டாயிற்றாம். "அண்ணே, அந்த மண்டபம் வரைக்கும் ஜீப் போகுமா, இல்ல நடக்கணுமா?" அன்றிலிருந்து படத்துக்குக் கீழே ஒரு வரி போட்டுவிடுகிறேன்: மலை கொழுக்குமலை, மண்டபம் செஞ்சி, வானம் எங்கள் மொட்டைமாடி, பனி இட்லிப் பானை.